சான்டா கிளாரா கவுன்ட்டிக்கு 1,29,577 வீடுகள்: யார் போட்ட கணக்கு, யார் கட்டுவது?

“குபர்ட்டினோவில் அரசாங்கம் 4,588 வீடு கட்டப்போகிறதாம்.” சில வருடங்களாகவே கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் தமிழர்கள் கூடும் இடங்களில் இந்தப் பேச்சு அடிபடுகிறது. கூடவே பள்ளிக்கூடம் என்ன ஆகும், டிராஃபிக் என்ன ஆகும், நம் வீட்டு விலை என்ன ஆகும் என்ற கவலைகள். எண் சரி. மீதி தப்பு. அரசாங்கம் அங்கே ஒரு செங்கல்லும் வைக்கப்போவதில்லை. 2023 முதல் 2031 வரையிலான எட்டு வருடங்களில் 4,588 வீடுகள் எழும்ப இடமும் விதிகளும் தயாராக இருக்க வேண்டும் என்று குபர்ட்டினோ நகராட்சியின் தலையில் விழுந்திருக்கும் பங்கு அது. கட்டுவதோ கட்டாததோ தனியார் பில்டர்கள், லாப நோக்கில்லாத வீட்டுவசதி அமைப்புகள், கொல்லைப்புறத்தில் சின்ன வீடு போடும் நம்மைப் போன்றவர்கள் பாடு.

இந்தப் பங்கு பிரிக்கும் ஏற்பாட்டை நகராட்சி அலுவலகங்களில் “ரீனா” என்பார்கள். பிராந்திய வீட்டுத்தேவை ஒதுக்கீடு என்று சொல்லலாம். 1969இல் கலிபோர்னியா போட்ட சட்டத்தில் தொடங்குகிறது கதை. ஒவ்வொரு நகரமும் கவுன்ட்டியும் (நம் ஊர் மாவட்டம் போன்றது) தன் வளர்ச்சித் திட்டத்தில் வீட்டுவசதிக்கென்று ஓர் அத்தியாயம் எழுதியாக வேண்டும் என்பது அந்தச் சட்டம். பல ஊர்கள் அதைப் பல காலம் சடங்காகவே செய்தன.

முதலில் மாநில வீட்டுவசதித் துறை, சுருக்கமாக எச்சிடி, ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் மொத்த எண்ணைச் சொல்லும். ஒன்பது கவுன்ட்டிகளும் 101 நகரங்களும் அடங்கிய பே ஏரியாவுக்கு இந்தச் சுற்றில் வந்தது 4,41,176 வீடுகள். போன சுற்றில் 1,87,990தான். திடீரென்று இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதற்குக் காரணம் மக்கள்தொகை மட்டும் இல்லை. 2018இல் வந்த எஸ்பி 828 என்ற மாநிலச் சட்டம் கணக்குப் போடும் விதத்தையே மாற்றியது. ஒரே வீட்டில் நெருக்கியடித்து வாழ்பவர்கள், சம்பளத்தில் பெரும்பங்கை வாடகைக்கே கொடுப்பவர்கள் ஆகியோரையும் அது கணக்கில் சேர்த்தது. அதாவது இனி வரப்போகிறவர்களோடு, ஏற்கெனவே இங்கே திண்டாடுபவர்களும் இந்த எண்ணில் இருக்கிறார்கள்.

அந்த மொத்தத்தைப் பிரித்துக் கொடுப்பது அபாக். 1961இல் தொடங்கிய, பே ஏரியா நகரங்களும் கவுன்ட்டிகளும் உறுப்பினராக உள்ள சங்கம். 2050ஆம் ஆண்டில் எந்த ஊரில் எத்தனை குடும்பங்கள் இருக்கும் என்று பிராந்தியத் திட்டம் மதிப்பிட்டிருப்பதை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, அதைச் சில காரணிகளால் கூட்டிக் குறைத்தார்கள். நல்ல பள்ளி, நல்ல வருமானம், பாதுகாப்பு உள்ள வட்டாரமா என்பது ஒன்று. காரிலோ பொதுப் போக்குவரத்திலோ எத்தனை வேலைகளை எட்டலாம் என்பது இன்னொன்று. குறைந்த வருமானக்காரர்களுக்கான வீடுகளைப் பிரிக்கும்போது முதல் காரணிக்கு மட்டும் 70 சதவீத எடை. நல்ல பள்ளி இருக்கும் ஊர் என்று நாம் தேடிப்போய் வீடு வாங்கிய ஊர்களுக்கே பங்கு எகிறியது இதனால்தான்.

சான்டா கிளாரா கவுன்ட்டிக்குள் விழுந்த மொத்தம் 1,29,577. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 62,200, சான் ஹோசேக்கு. சன்னிவேலுக்கு 11,966, சான்டா கிளாரா நகரத்துக்கு 11,632, மவுண்டன் வியூவுக்கு 11,135, மில்பிடாஸுக்கு 6,713, பாலோ ஆல்டோவுக்கு 6,086. மலைச்சரிவில் பெரிய பெரிய மனைகளோடு இருக்கும் லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸுக்குக்கூட 489 உண்டு. கவுன்ட்டி நிர்வாகத்துக்கு நேரடியாக வந்தது 3,125 மட்டும். எந்த நகரத்திலும் சேராத நிலத்துக்குத்தான் கவுன்ட்டி பொறுப்பு, அதில் பெரும்பாலானது மலையும் மேய்ச்சல் நிலமும் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக வளாகமும். அதனால் “கவுன்ட்டி என்ன செய்துகொண்டிருக்கிறது?” என்று திட்டுவதற்கு முன் உங்கள் மனை எந்த நகராட்சியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திட்டுவது நல்லது.

நான்கு படிகள்

ஒவ்வோர் ஊரின் எண்ணும் வருமானப்படி நான்காக உடைகிறது. குபர்ட்டினோவின் 4,588ஐப் பார்ப்போம்: மிகக் குறைந்த வருமானத்தாருக்கு 1,193, குறைந்த வருமானத்தாருக்கு 687, நடுத்தரத்தாருக்கு 755, அதற்கு மேல் 1,953. கவுன்ட்டியின் இடைநிலை வருமானத்தில் பாதிவரை முதல் படி, 80 சதவீதம் வரை இரண்டாவது, 120 சதவீதம் வரை மூன்றாவது. 2024இல் நாலு பேர் குடும்பத்துக்கு அந்த இடைநிலை 1,84,300 டாலர். வருடம் இரண்டு லட்சம் டாலர் சம்பாதிக்கும் குடும்பம் இங்கே “நடுத்தரம்” என்ற படியில்தான் உட்காரும். ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். முதல் படி என்றால் ஏதோ வேறு உலகத்து ஆட்கள் என்றும் நினைக்க வேண்டாம். பாதி என்பதே 92,150 டாலர். பாலர் பள்ளி ஆசிரியர், மருத்துவ உதவியாளர், உணவக ஊழியர் பலரின் குடும்பங்கள் அதற்குக் கீழே.

மேல் படியில் உள்ள வீடுகளைச் சந்தை தானாகக் கட்டிவிடும். கீழ்ப்படி வீடுகள் மானியம் இல்லாமல் எழும்பாது. அதற்கான பணம் இந்த ஒதுக்கீட்டோடு வருவதில்லை. இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் கருத்து. 2016இல் சான்டா கிளாரா கவுன்ட்டி வாக்காளர்கள் மெஷர் ஏ என்ற 95 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். குறைந்த வாடகை வீடுகள் பலவற்றுக்கு உயிர் கொடுத்தது அந்தப் பணம். பே ஏரியா முழுமைக்கும் 2,000 கோடி டாலர் திரட்டும் கடன்பத்திரம் ஒன்று 2024 நவம்பர் தேர்தலில் வர இருந்தது. ஆகஸ்டிலேயே அதை வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

நகராட்சி என்ன செய்ய வேண்டும்?

வீட்டுவசதி அத்தியாயத்தின் பின்னிணைப்பில் ஒரு நீண்ட அட்டவணை இருக்கும். யாரும் படிப்பதில்லை, ஆனால் விஷயம் முழுக்க அங்கேதான். வரிசையாக மனை எண், பரப்பு, இப்போது அங்கே என்ன இருக்கிறது, ஏக்கருக்கு எத்தனை வீடு அனுமதி, அதில் எத்தனை வீடு எந்த வருமானப் படிக்கு என்று போகும். 1.2 ஏக்கரில் ஒரு பழைய கடைவரிசை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெருநகரக் கவுன்ட்டிகளில் ஏக்கருக்கு 30 வீடாவது கட்ட அனுமதித்தால்தான் அந்த மனையைக் கீழ்ப்படிக் கணக்கில் எழுத முடியும். ஆக 36 வீடு. ஆனால் எழுதிவிட்டால் போதாது. கடைக்காரர்களின் குத்தகை இன்னும் இருபது வருடம் ஓடுமானால் அங்கே எட்டு வருடத்தில் வீடு எப்படி வரும் என்று எச்சிடி கேட்கும். அரை ஏக்கருக்குக் குறைவான மனைகளைக் கீழ்ப்படிக் கணக்கில் காட்டினால் தனி விளக்கம் வேண்டும். போன சுற்றுகளிலும் இதே மனையைக் காட்டியிருந்தால், ஐந்தில் ஒரு பங்கு வீடுகளைக் குறைந்த வருமானத்தாருக்குத் தரும் திட்டத்துக்கு அங்கே தனி விசாரணை இல்லாமலே அனுமதி கொடுத்தாக வேண்டும். அப்புறம், அந்த 36க்குப் பதிலாக ஒருவர் 12 ஆடம்பர வீடு கட்டிவிட்டார், மீதிப் பட்டியலில் இருப்பதும் பற்றவில்லை என்றால், 180 நாளுக்குள் வேறு மனையைக் காட்ட வேண்டியது நகராட்சியின் கடமை.

இதற்கெல்லாம் கெடு 2023 ஜனவரி 31. கவுன்ட்டியில் பல நகரங்கள் தவறவிட்டன. சான் ஹோசேக்கு 2024 ஜனவரியில்தான் மாநிலத்தின் ஒப்புதல் கிடைத்தது. பாலோ ஆல்டோவுக்கும் குபர்ட்டினோவுக்கும் அந்த வருடத்தின் பிற்பாதி ஆகிவிட்டது.

தவறவிட்டால்? “பில்டர்ஸ் ரெமடி” என்பது அங்கே எல்லோரும் பயந்த பெயர். ஒப்புதல் இல்லாத காலத்தில் ஒரு பில்டர், குறிப்பிட்ட பங்கு வீடுகளைக் குறைந்த வருமானத்தாருக்கு ஒதுக்கி மனுப் போட்டால், “எங்கள் ஊரில் இவ்வளவு உயரம் கூடாது, இந்த இடம் வீட்டுக்கானது அல்ல” என்று சொல்லி நகராட்சி அதை நிராகரிக்க முடியாது. அந்தப் பங்கு முன்பு 20 சதவீதமாக இருந்தது, 2025 முதல் அதைக் குறைத்துவிட்டார்கள். இது தவிர 2017இன் எஸ்பி 35 என்ற சட்டம் உண்டு. பங்குக்கு ஏற்ற வேகத்தில் அனுமதி தராத ஊர்களில், தகுதியுள்ள திட்டங்களுக்குப் பொது விசாரணையே கிடையாது. குபர்ட்டினோவின் வால்கோ மால் நிலத்தில் 2,402 வீடுகளுக்கு 2018இல் அனுமதி கிடைத்தது இந்த வழியில்தான். ஆனால் 2024இலும் அந்தத் திட்டத்தின் வரைபடத்தை மாற்றி அனுமதி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அனுமதிக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் நடுவே வட்டி விகிதம், கட்டுமானச் செலவு, வழக்கு என்று எல்லாம் நிற்கின்றன.

தட்டிக்கழிக்க ஊர்கள் பிடித்த வழிகளில் எனக்குப் பிடித்தது பக்கத்து சான் மேட்டியோ கவுன்ட்டியின் வுட்சைடு ஊருடையது. ஒரே மனையில் இரண்டு வீடு அனுமதிக்கும் சட்டம் 2022இல் அமலுக்கு வந்ததும், ஊர் முழுக்க மலைச்சிங்கத்தின் வாழிடம், ஆகவே சட்டம் பொருந்தாது என்று அறிவித்தார்கள். மாநில அட்டர்னி ஜெனரல் கண்டித்ததும் சிங்கம் வாபஸ்.

வேலை ஓரிடம், வீடு ஓரிடம்

இவ்வளவு வம்பு ஏன் வந்தது என்பதற்குப் பதில் வரியில் இருக்கிறது. 1978இன் ப்ரொபொசிஷன் 13 என்ற சட்டம் சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்தோடு நிறுத்தியது. சொத்து கைமாறாத வரை வரிக்கான மதிப்பும் வருடத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறாது. வீடு வந்தால் பூங்கா, தீயணைப்பு, போலீஸ் என்று செலவு. கடையும் அலுவலகமும் வந்தால் வரவு, அவை பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை. ஒரு நகராட்சி எதைத் தேர்ந்தெடுக்கும்? ஆப்பிள் பார்க் 2017இல் குபர்ட்டினோவில் திறந்தபோது அதில் 12,000 பேர் வேலை செய்ய இடம் இருந்தது. அதே நகரத்துக்கு 2015 முதல் 2023 வரையான சுற்றில் ஒதுக்கிய மொத்த வீடுகள் 1,064. மீதிப் பேர் எங்கே இருப்பார்கள் என்பதற்குத் தினமும் காலையில் 880, 280 நெடுஞ்சாலைகளில் விடை கிடைக்கிறது.

சான் ஹோசேயின் நிலை நேர்மாறு. பக்கத்து ஊர்களில் வேலை செய்பவர்களுக்கும் அது பல காலமாக வீடு கொடுத்து, வரி வருமானத்தைக் கோட்டைவிட்டது. அதனால்தான் ரயில் நிலையத்தை ஒட்டிய கூகுளின் டவுன்டவுன் வெஸ்ட் திட்டத்துக்கு 2021இல் அவ்வளவு உற்சாகமாக அனுமதி கொடுத்தார்கள்: 80 ஏக்கர், 73 லட்சம் சதுர அடி அலுவலகம், 4,000 வீடு. 2023இல் கூகுள் அதை நிறுத்திவைத்தது.

வேலை, வீடு, சாலை மூன்றையும் ஒரே காகிதத்தில் வைத்துப் பார்ப்பது பிளான் பே ஏரியா 2050. 2021 அக்டோபரில் அபாக்கும் பிராந்தியப் போக்குவரத்து ஆணையமும் சேர்ந்து ஏற்றுக்கொண்டது. ரயில் நிலையங்களைச் சுற்றி வீடுகளை நெருக்கமாக வைத்தால் கார் ஓட்டம் குறையும் என்பது அதன் நம்பிக்கை. 2008இன் எஸ்பி 375 சட்டப்படி, போக்குவரத்துத் திட்டம் கரிம உமிழ்வைக் குறைத்துக் காட்டியாகவும் வேண்டும். 2020இல் சான் ஹோசேயின் பெரியெஸ்ஸா வரை வந்த பார்ட் ரயிலும், 2024 செப்டம்பரில் மின்சாரத்துக்கு மாறிய கால்ட்ரெய்ன் ரயிலும் இந்தக் கணக்கின் முதுகெலும்பு. வீட்டுவசதி அத்தியாயத்துக்கு ஒப்புதல் வாங்காத நகரம் ஆணையத்தின் சில போக்குவரத்து மானியங்களுக்கு விண்ணப்பிக்க முடியாது. பல நகராட்சிகளை வழிக்குக் கொண்டுவந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

இன்னொரு பக்கம், எங்கே கட்டக் கூடாது என்பதையும் கவுன்ட்டி தீர்மானித்து வைத்திருக்கிறது. நகர வளர்ச்சி நகரங்களுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது எழுபதுகளிலிருந்து கடைப்பிடிக்கும் கொள்கை. சான் ஹோசேயின் தெற்கே கயோட்டி பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் 25,000 வீடும் 50,000 வேலையும் வருவதாகத் திட்டம் இருந்தது. 2008இல் அது கைவிடப்பட்டது. 2019இல் 937 ஏக்கரை 9 கோடி 30 லட்சம் டாலருக்கு வாங்கித் திறந்த வெளியாகவே காக்க முடிவு செய்தார்கள்.

உங்களுக்கு இதில் என்ன?

சொந்த வீடு இருந்தால், கொல்லைப்புறத்தில் ஏடியு என்ற சின்னத் துணை வீடு கட்டும் உரிமை. 800 சதுர அடி வரை, பக்கத்திலும் பின்னாலும் நாலு அடி விட்டுக் கட்டினால், மனையளவையோ நகரத்தின் மற்ற வரம்புகளையோ காட்டி மறுக்க முடியாது. 750 சதுர அடிக்குக் கீழ் என்றால் வளர்ச்சிக் கட்டணமும் கிடையாது. மனு முழுமையாக இருந்தால் 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும். எச்ஓஏ எனப்படும் வீட்டு உரிமையாளர் சங்கமும் தடுக்க முடியாது. அம்மா அப்பா ஆறு மாதம் வந்து தங்க என்று கட்டும் அந்தச் சின்ன வீடும் உங்கள் ஊரின் ரீனா கணக்கில் ஒன்றாக ஏறும்.

வாடகைக்கு இருந்தால், டோர்வே என்ற பிராந்தியத் தளத்தில் குறைந்த வாடகை வீடுகளின் அறிவிப்புகள் வரும். பெரும்பாலும் குலுக்கல்தான். குடும்பத்தில் எத்தனை பேர், மொத்த வருமானம் எவ்வளவு என்று பார்த்துத் தகுதி சொல்வார்கள். மேலே சொன்ன வருமானக் கணக்கைப் பார்க்காமலே “நமக்கெல்லாம் கிடைக்காது” என்று விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர்.

பள்ளி நிரம்பி வழியும் என்ற பயத்துக்கு ஒரு தகவல்: குபர்ட்டினோ ஆரம்பப் பள்ளி மாவட்டம் 2022இல் பள்ளிகளை மூடியது மாணவர் குறைந்ததால். பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்களால் அந்த ஊரில் வீடு வாங்க முடியவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

உங்கள் ஊர் எந்தப் படியில் எத்தனை வீட்டுக்கு அனுமதி கொடுத்தது என்ற அறிக்கை ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 1க்குள் மாநிலத்துக்குப் போக வேண்டும். அதை யாரும் பார்க்கலாம். பங்கு பிடிக்கவில்லை என்றால் எப்போது பேசுவது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். இந்தச் சுற்றில் எண் வந்தபின் 28 ஊர்களும் கவுன்ட்டிகளும் மேல்முறையீடு செய்தன. 27 தள்ளுபடி, கான்ட்ரா கோஸ்டா கவுன்ட்டிக்கு மட்டும் கொஞ்சம் குறைந்தது. பிரிக்கும் சூத்திரத்தை வகுத்த குழுவோ 2019 அக்டோபரிலேயே கூடத் தொடங்கிவிட்டது, கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தே இருந்தன. அடுத்த சுற்று 2031இல். அதற்கான குழு கூடும் அறிவிப்பை அபாக்கின் தளத்தில் இப்போதிருந்தே கவனித்து வரலாம்.