பெட்டிக்குள் இருக்கும் தாள்

மனிதர்கள் தங்கள் தாள்களையும் கோப்புகளையும் எப்படிச் சேர்த்து வைக்கிறார்கள், வேண்டும்போது எப்படித் தேடி எடுக்கிறார்கள் என்பதே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என் ஆய்வு. தாமஸ் மலோன் என்ற ஆய்வாளர் 1983-இல் அலுவலக மேசைகளை ஆராய்ந்து, கண்ணில் படும் காகிதக் குவியல் செய்ய வேண்டிய வேலையை நினைவூட்டவும் செய்கிறது என்று எழுதினார். ராமேசுவரம் தீவின் மீனவ ஊர்களான பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் மஞ்சள் பைகளும் அப்படித்தான். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், நிவாரணத்துக்கு வேண்டிய ரேஷன் அட்டையும் வங்கிப் புத்தகமும் அதில் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். அந்த ஒழுங்கை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வராது.

என்னை வருத்துவது எப்போதோ ஒருமுறை தேவைப்படும் தாள்தான். இலங்கைக் கடற்படையிடம் படகு பிடிபட்டால், அதை மீட்கக் கோரி நீதிமன்றத்துக்குப் போக உரிமை ஆவணங்கள் வேண்டும். அப்படி ஒரு நாளில் ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா டிரங்குப் பெட்டியைத் தரையில் கவிழ்த்து, திருமண அழைப்பிதழ்கள், டீசல் ரசீதுகள், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல்கள் என ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். "எது எங்க இருக்குன்னு அவுகளுக்குத்தான் தெரியும் சார்" என்றார். படகின் பதிவுச் சான்றின் படம் கணவரின் கைபேசியில் இருந்தது. கைபேசியோ அவரோடு போய்விட்டது. மூலச் சான்று மறுநாள் மாலைதான், ஒரு பழைய காலண்டரின் மடிப்புக்குள் கிடைத்தது.

அந்த வீட்டில் தாள் தொலையவில்லை. அது இருந்த இடம் ஒரே ஒருவரின் நினைவில் மட்டும் இருந்தது. ஆகவே எந்த ஆவணம் எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததைக் கேட்டு வளர்ந்த கரை இது. ஒரு நகல் கடலுக்கு எட்டாத உறவினர் வீட்டிலும் இருக்கட்டும். உப்புக் காற்றுக்குப் பயந்து பழைய பத்திரங்களை லேமினேட் செய்துவிடாதீர்கள். பின்னால் பிரித்தெடுக்க முயன்றால் தாள் கிழியும். காற்றுப்புகாத டப்பாவே போதும்.

அந்த அம்மா இப்போது பெட்டி மூடியின் உட்புறத்தில் மகளின் நோட்டுத்தாள் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறார். அதன் முதல் வரி: "போட் சான்று – பச்சை டப்பா, அடியில்."