ஆழம் தெரிந்தே விட்ட கால்

1964 மே 27. அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் தன் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். அந்தப் பேச்சு ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. இன்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். வியட்நாமை நினைத்து நேற்று இரவு தூக்கமே இல்லை என்கிறார். அன்று காலை தனக்குத் துணிமணி எடுத்து வைத்த சார்ஜன்ட்டின் பேச்சை எடுக்கிறார். அந்த மனிதருக்கு ஆறு சின்னப் பிள்ளைகள். இவரைப் போன்றவரை எதற்காக அங்கே அனுப்ப வேண்டும்? வியட்நாமால் எனக்கு என்ன, லாவோஸால் எனக்கு என்ன, இந்த நாட்டுக்குத்தான் என்ன? சண்டை போடுகிற அளவுக்கு அந்த இடம் பெறாது, ஆனால் விட்டு வெளியே வரவும் முடியாது போலிருக்கிறது என்கிறார்.

பதினான்கு மாதம் கழித்து, 1965 ஜூலை 28 அன்று, வியட்நாமில் இருக்கும் படையை 75,000-லிருந்து 1,25,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தவரும் இதே ஜான்சன்தான்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வியட்நாம் போரைப் பற்றிப் பேசும்போதும் அமெரிக்கா ஆழம் தெரியாமல் இறங்கிவிட்டது என்றுதான் பலர் சொல்கிறார்கள். ஆவணங்களைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. 1964-ல் பென்டகன் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகம்) நடத்திய ‘சிக்மா’ என்ற போர் ஒத்திகைகள், குண்டுவீச்சுக்கு வடவியட்நாம் பணியாது என்றுதான் காட்டின. வெளியுறவுத் துறையில் இருந்த ஜார்ஜ் பால், 1961-லேயே அப்போதைய அதிபர் கென்னடியிடம், இதில் இறங்கினால் ஐந்து ஆண்டுகளில் 3 லட்சம் பேர் அந்த வயலிலும் காட்டிலும் கிடப்பார்கள் என்று எச்சரித்தார். உனக்குப் பைத்தியமா என்று கென்னடி தள்ளிவிட்டார். 1966 கடைசியில் அங்கே இருந்த அமெரிக்க வீரர்கள் 3,85,300 பேர்.

ஆழம் தெரிந்தவர்கள் ஏன் இறங்கினார்கள்? என்னை விடாமல் துரத்தும் கேள்வி இது.

முதலில், அவர்கள் யாரும் ஒரே நாளில் ‘போருக்குப் போகிறோம்’ என்று முடிவெடுக்கவில்லை. 1950-ல் அதிபர் ட்ரூமன் காலத்தில், வியட்நாமில் போரிட்டுக்கொண்டிருந்த பிரான்சுக்குப் பணமும் ஆயுதமும் போனது. 1954-ல் தியென் பியென் ஃபூவில் பிரான்ஸ் தோற்றது. நாடு 17-வது அட்சரேகையில் கம்யூனிஸ்ட் வடக்கு, அமெரிக்கா ஆதரித்த தெற்கு என்று இரண்டாகப் பிரிந்தபின், தெற்கே அடுத்த அதிபர் ஐசனோவர் சில நூறு ராணுவ ஆலோசகர்களை வைத்திருந்தார். கென்னடி காலத்தில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1961-ல் ஜெனரல் மாக்ஸ்வெல் டெய்லர் வியட்நாம் போய் வந்து, மேகாங் வெள்ள நிவாரணம் என்ற பெயரில் 8,000 வீரர்களை அனுப்பலாம் என்றார். கென்னடி மறுத்தார். படை அனுப்புவது குடிப்பதைப் போல, போதை இறங்கியதும் அடுத்த கிளாஸ் கேட்கும் என்று தன் உதவியாளர் ஒருவரிடம் சொன்னார். அப்படிச் சொன்னவர் 1963 நவம்பரில் கொல்லப்பட்டபோது, ‘ஆலோசகர்’ என்ற பெயரில் அங்கே இருந்தவர்கள் சுமார் 16,000 பேர். மறுத்த எண்ணிக்கையைப்போல் இரண்டு மடங்கு, வேறு பெயரில் உள்ளே போயிருந்தது.

இந்தப் பொறி எப்படி இயங்குகிறது என்பதை மிக அருகில் காட்டுவது டனாங் விமானத்தளத்தின் கதை. 1965 பிப்ரவரி 7 அன்று பிளேய்கூவில் அமெரிக்க முகாம் தாக்கப்பட்டு எட்டு அமெரிக்கர்கள் இறந்தார்கள். நூறு பேருக்கு மேல் காயம். பதிலடியாகத் தொடங்கிய குண்டுவீச்சு, மார்ச் 2 முதல் தொடர் நடவடிக்கையானது. பிளேய்கூக்கள் டிராம் வண்டி மாதிரி என்று பண்டி பின்னால் சொன்னார்: ஒன்று போனால் இன்னொன்று வரும், ஏறத் தயாராக இருப்பவர் ஏறிக்கொள்ளலாம். குண்டு போடும் விமானங்கள் டனாங்கில் நின்றன. நிற்கும் விமானத்துக்குக் காவல் வேண்டும். மார்ச் 8 அன்று 3,500 மரைன் வீரர்கள் டனாங் கடற்கரையில் முழுப் போர்க்கோலத்தில் இறங்கினார்கள். கரையில் அவர்களை எதிர்கொண்டவர்கள் மாலையோடு நின்ற வியட்நாமியப் பெண்கள். படைத்தலைவர் கழுத்திலும் மாலை விழுந்தது. கொடுத்த வேலை ஒன்றுதான்: தளத்தைக் காப்பது.

ஆனால் வேலிக்குள் நின்று ஒரு விமானத்தளத்தைக் காக்க முடியுமா? மோர்ட்டார் குண்டு பல கிலோமீட்டர் தள்ளியிருந்தே வரும். அதனால் வேலியைத் தாண்டி ரோந்து போக வேண்டும். ரோந்து போனால் மோதல் வரும், மோதல் வந்தால் துணைக்கு ஆள் வேண்டும், வந்த ஆளுக்குச் சோறும் வெடிமருந்தும் வேண்டும், அவற்றைக் கொண்டுவரத் துறைமுகமும் சாலையும் வேண்டும், அவற்றுக்கும் காவல் வேண்டும். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கான காரணத்தைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்தது.

அப்போது தென்வியட்நாமின் தலைநகர் சைகோனில் அமெரிக்கத் தூதராக இருந்தவர் அதே டெய்லர். தரைப்படை வேண்டாம் என்று இந்த முறை அவரே தடுத்தார். ஒருமுறை இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் பிறகு எங்கேயும் நிறுத்துவது கடினம் என்று பிப்ரவரியிலேயே வாஷிங்டனுக்குத் தந்தி கொடுத்தார். மார்ச்சில் வீரர்கள் இறங்கினார்கள். ஏப்ரல் 6 தேதியிட்ட ரகசிய உத்தரவு அவர்களுடைய வேலையைக் காவலிலிருந்து தாக்குதலுக்கு மாற்றியது. அதே உத்தரவில், இந்த நகர்வுகள் படிப்படியானவையாக, இருக்கிற கொள்கையோடு முழுக்க ஒத்துப்போவதாகத் தெரிய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. படிப்படியாக நடந்தது தற்செயல் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். படிகள் சின்னதாகத் தெரிய வேண்டும் என்பதே கட்டளை.

ஏன் அப்படி ஒரு கட்டளை? ஜான்சனின் மேசையில் இன்னொரு கோப்புக் கட்டும் இருந்தது. முதியோருக்கான மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டது 1965 ஜூலை 30. படை உயர்வை அறிவித்ததற்கு இரண்டாம் நாள். கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டம் ஆகஸ்ட் 6. ஒரு பெரிய போரை நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வைத்தால் இந்தச் சட்டங்கள் கரையேறாது. வியட்நாமை விட்டு வந்தாலும், 1949-ல் சீனாவைக் கம்யூனிஸ்டுகளிடம் கோட்டைவிட்டதாக ட்ரூமனைத் தூற்றியவர்கள் தன்னையும் தூற்றுவார்கள். இரண்டு பக்கமும் அடி விழாத வழி ஒன்றுதான்: ஒவ்வொரு முறையும் தோல்வியைத் தள்ளிப்போடப் போதுமான அளவு மட்டும் கூட்டுவது.

அதிகாரிகள் கோப்பு தயாரிக்கும் விதமும் அதற்கே வழிவிட்டது. 1964 நவம்பரில் ஒரு குழு அதிபருக்கு மூன்று வழிகளை எழுதியது. ‘அ’ வழி, இப்போது இருப்பதே தொடரட்டும். ‘ஆ’ வழி, ஒரேயடியாக முழு வேகத்தில் தாக்குவது. ‘இ’ வழி, கொஞ்சம் கொஞ்சமாக நெருக்குவது. மூன்றில் எதுவும் ‘வெளியேறு’ என்று சொல்லவில்லை. ஒன்று கோழைத்தனம், இன்னொன்று வெறித்தனம் என்று தோன்றும்படி இரண்டு ஓரங்களை வைத்துவிட்டால், நடுவில் இருப்பது நிதானமாகத் தெரியும். கடையில் மூன்று விலையில் பொருள் வைத்தால் நடு விலைக்குக் கை போகிறதே, அதே மனம்தான். ‘இ’ வழியே நடைமுறைக்கு வந்தது.

மனம் எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஆமாஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் ஓர் ஆய்வில் காட்டினார்கள். 3,000 நிச்சயம் இழப்பதா, அல்லது 80 சதவீத வாய்ப்பில் 4,000 இழக்கும் ஆட்டத்தில் இறங்குவதா என்று கேட்டார்கள். கணக்குப்படி இரண்டாவதன் சராசரி இழப்பு 3,200, அதாவது மோசமானது. ஆனால் 92 சதவீதம் பேர் அதையே எடுத்தார்கள். உறுதியான இழப்பு நெஞ்சை அறுக்கிறது. தப்பிக்க ஒரு சின்ன இடுக்கு தெரிந்தால் கூடுதல் ஆபத்தையும் தாங்கிக்கொள்கிறோம். விட்டதைப் பிடிக்கிறேன் என்று மறுபடியும் காயை உருட்டுகிற சூதாடி இதைப் படிக்காமலே அறிவான்.

பாரி ஸ்டா என்ற ஆய்வாளர் 1976-ல் இன்னும் நெருங்கிப் பார்த்தார். வணிக மாணவர்களை ஒரு நிறுவனத்தின் நிதிப் பொறுப்பாளராக நடிக்கச் சொன்னார். நிறுவனத்தில் இரண்டு பிரிவுகள். எந்தப் பிரிவின் ஆராய்ச்சிக்கு 1 கோடி டாலர் என்று முடிவு செய்ய வேண்டும். பிறகு அந்தப் பிரிவு சரிந்துவிட்டது என்று சிலருக்குச் சொல்லப்பட்டது. அடுத்து 2 கோடியைப் பிரிக்க வேண்டும். முதல் முடிவைத் தானே எடுத்துத் தோல்வியையும் பார்த்தவர்கள், சரிந்த அதே பிரிவுக்கு ஏறத்தாழ 1.3 கோடி கொடுத்தார்கள். அதே தோல்வி முன்பு இருந்தவரின் முடிவால் வந்தது என்று கேட்டவர்கள் கொடுத்தது கணிசமாகக் குறைவு. பணம் போனதைவிட, போட்டது நான் என்பதுதான் மனிதனைக் கட்டிப் போடுகிறது.

எதிரில் ஒருவர் இருக்கும்போது இது இன்னும் கொடியதாகும். மார்ட்டின் ஷூபிக் என்ற பொருளியலாளர் 1971-ல் எழுதிய ஏல விளையாட்டை நூறு ரூபாய் நோட்டை வைத்து ஆடிப் பாருங்கள். அதிகம் கேட்டவருக்கு நோட்டு. ஆனால் இரண்டாவதாக வந்தவரும் தான் கேட்ட தொகையைக் கட்ட வேண்டும். ஒருவர் 90 கேட்டு இன்னொருவர் 95 கேட்கும்போது, 90 கேட்டவர் யோசிப்பார்: விட்டால் 90 நஷ்டம், 100 கேட்டால் நஷ்டமில்லை. அவர் 100 கேட்டதும் 95 கேட்டவர் 105 கேட்பார்; தோற்றால் 95 போகும், வென்றால் 5 தான் போகும். நூறு ரூபாய்க்கு நூற்றைம்பது கேட்கும் இருவரில் ஒருவரும் முட்டாள் அல்ல. ஒவ்வொரு ஏலக் கேள்விக்கும் அந்தந்த நொடியில் சரியான கணக்கு இருக்கிறது. வாஷிங்டன் ஒரு படி ஏறியபோதெல்லாம் வடவியட்நாமின் தலைநகர் ஹனோயும் தெற்கே கூடுதல் படையை அனுப்பியது. அவர்களுக்கு அது சொந்த மண். அங்கே ஏலத்தை விட்டு எழுந்து போக இடமே இல்லை.

இந்த ஏலத்தில் நோட்டு மறந்துபோகும் தருணம் ஒன்று வரும். அமெரிக்காவுக்கு அது வந்ததைத் தேதியோடு காட்டலாம். 1965 மார்ச் 24 அன்று பென்டகன் உயரதிகாரி ஜான் மெக்னாட்டன் தன் குறிப்பில் அமெரிக்காவின் நோக்கங்களைச் சதவீதமாக எழுதினார். அவமானகரமான தோல்வியைத் தவிர்ப்பது 70. அந்த மண் சீனாவின் கைக்குப் போகாமல் தடுப்பது 20. தென்வியட்நாம் மக்கள் நல்ல, சுதந்திரமான வாழ்வு வாழ்வது 10. டனாங்கில் மரைன்கள் இறங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் இருப்பதற்கான பெரிய காரணம், ஏற்கனவே வந்துவிட்டோம் என்பதாக மாறியிருந்தது. யாருக்காகப் போரிடுவதாகச் சொன்னார்களோ அந்த மக்களுக்குக் கிடைத்தது பத்தில் ஒரு பங்கு. இந்தத் தாளை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. 1995-ல் வியட்நாம் அரசு வெளியிட்ட மதிப்பீட்டில் இறந்தவர்கள், பொதுமக்களும் வடக்குப் பக்கப் போராளிகளுமாக, சுமார் 30 லட்சம். அமெரிக்க வீரர்கள் 58,000-க்கு மேல்.

இது அமெரிக்கர்களுக்கு மட்டும் வந்த நோய் அல்ல. ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பக் கூடாது என்று 1979 மார்ச்சில் தெளிவாகப் பேசி முடிவெடுத்த சோவியத் தலைமை, அதே டிசம்பரில் அனுப்பியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘வரம்புக்குட்பட்ட படைப்பிரிவு’. அது திரும்பி வர 1989 பிப்ரவரி ஆனது.

முன்பு எச்சரித்த ஜார்ஜ் பால் கடைசிவரை முயன்றார். 1965 ஜூலை 1 அன்று அதிபருக்கு எழுதிய குறிப்பில், பெரிய அளவில் உயிரிழப்பு தொடங்கிவிட்டால் அதன்பிறகு திருப்ப முடியாது, அவமானப்படாமல் நடுவில் நிற்கவும் முடியாது என்றார். அந்த மாதம் நடந்த கூட்டங்களில் ஜான்சன் அவரை விரிவாகப் பேசவிட்டார், கேள்விகளும் கேட்டார். மாற்றுக் குரலையும் கேட்டாயிற்று என்ற நிறைவு கிடைத்தது. பிறகு 1,25,000. தேவைப்பட்டால் இன்னும் அனுப்புவோம் என்றும் அதே அறிவிப்பில் சேர்த்துக்கொண்டார்.

கேள்வியை மாற்றிக் கேட்க ஒரு புது ஆள் வர வேண்டியிருந்தது. 1968 ஜனவரி இறுதியில், டெட் எனும் வியட்நாமியப் புத்தாண்டை ஒட்டி, வடக்குப் பக்கப் படைகள் தெற்கெங்கும் பெரிய தாக்குதல் நடத்தின. அதற்குப் பிறகு தளபதிகள் இன்னும் 2,06,000 பேரைக் கேட்டார்கள். மார்ச் 1 அன்று பாதுகாப்பு அமைச்சராகப் பொறுப்பேற்றவர் கிளார்க் கிளிஃபோர்ட். போரை ஆதரிப்பவர் என்றே அவருக்குப் பெயர். ஆனால் முந்தைய படிகளில் எதையும் அமைச்சராக நின்று ஏற்றியவர் அல்ல. ஸ்டாவின் ஆய்வில் வரும் இரண்டாவது வகை ஆள். அவர் தளபதிகளை உட்கார வைத்துக் கேட்டார். இந்த 2,06,000 பேர் போதுமா? உறுதி சொல்ல முடியாது. போதாவிட்டால் இன்னும் எத்தனை பேர்? தெரியாது. எதிரியும் அதற்கு ஏற்பக் கூட்ட முடியுமா? முடியும். எவ்வளவு காலம்? பதில் இல்லை. சில வாரங்களில் அவர் மனம் மாறினார்.

மார்ச் 31 இரவு ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றினார். வடக்கின் பெரும்பகுதியில் குண்டுவீச்சை நிறுத்துவதாகச் சொன்னார். பேச்சுவார்த்தைக்குத் தயார் என்றார். மறுபடியும் தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று அறிவித்து நாட்டையே திகைக்க வைத்தார். போரின் திருப்புமுனை என்று வரலாறு குறித்து வைத்திருக்கும் அதே உரையில், வியட்நாமுக்கு மேலும் 13,500 வீரர்கள் போவார்கள் என்ற அறிவிப்பும் இருந்தது. அங்கே இருந்த அமெரிக்க வீரர்களின் எண்ணிக்கை அதற்குப் பிறகும் ஓராண்டு ஏறிக்கொண்டே போய், 1969 ஏப்ரலில் 5,43,400-ஐத் தொட்டது.