மென்டர் டீச்சர்னா யாரு, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவரா?

போன வாரம் தக்கலை பஸ் ஸ்டாண்டுல, முன்ன என்கூட வேலை பாத்த ஒரு டீச்சரைப் பாத்தேன். "சார், எல்லாரும் மென்டர் மென்டர்ங்காங்க, இது நம்ம பி.ஆர்.டி.இ. பாக்குற வேலைதானே, புதுசா என்ன இருக்கு"ன்னு கேட்டாங்க (பி.ஆர்.டி.இ.ன்னா வட்டார வள மையத்துல இருந்து ஸ்கூலுக்கு வர்ற ஆசிரியர் பயிற்றுநர்). பஸ்சு வர்றதுக்குள்ள சொல்லி முடியல, அதான் உக்காந்து எழுதுறேன். சுருக்கமா சொன்னா, மென்டர்ங்கது இன்னொரு டீச்சரோட கிளாஸைப் பாத்து அவங்களுக்குத் துணையா நிக்கிற டீச்சர்.

மொதல்ல டெல்லி சமாச்சாரம். 2020 தேசியக் கல்விக் கொள்கையில மென்டரிங்குக்குன்னு ஒரு தேசிய இயக்கம் வேணும்னு 15ஆவது அத்தியாயத்துல இருக்கு, ஆனா அங்க போய்ப் பாத்தா காலேஜ், யூனிவர்சிட்டி வாத்தியார்களுக்குத்தான் எழுதியிருக்காங்க, நல்ல சீனியர் ஆளுங்க, ரிட்டயர் ஆனவங்க இவங்களைச் சேத்து மத்தவங்களுக்குத் துணையா நிறுத்தணும்னு. அதை ஸ்கூல் டீச்சர் பக்கம் கொண்டு வந்தது என்.சி.டி.இ.ங்கற தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். 2022 ஜூலை 29ல 15 கேந்திரிய வித்யாலயா, 10 நவோதயா, 5 சிபிஎஸ்இ ஸ்கூல், ஆக 30 ஸ்கூல்ல 60 மென்டர்களை வச்சு சோதனையா ஆரம்பிச்சாங்க. அதே கொள்கையிலதான் டீச்சர் ஒவ்வொருத்தரும் வருஷத்துக்கு 50 மணி நேரமாவது பயிற்சி எடுக்கணும்னும் இருக்கு. நாகர்கோவில்ல சிபிஎஸ்இ ஸ்கூல்ல இருக்கவங்களுக்கு இது நல்லாத் தெரியும், அதுல 25 மணி நேரத்தை சொந்த ஸ்கூலுக்குள்ளயே வச்சுக்கலாம். ஒருத்தர் கிளாஸை இன்னொருத்தர் போய் உக்காந்து பாக்க அந்த 25 மணி நேரம்தான் தோது, ஆனா நெறைய எடத்துல பவர்பாயிண்ட் போட்டே அதைத் தீத்துருதாங்க.

இப்போ நம்ம அரசு ஸ்கூல். தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏத்துக்கல, 2025 ஆகஸ்ட் 8ல நம்ம மாநிலத்துக்குன்னு தனிக் கொள்கை வந்தாச்சு. அதுக்காக இங்க ஒண்ணும் இல்லன்னு நெனைக்க வேண்டாம், ட்ரெய்னிங் வசதி செஞ்சு குடுக்குறது அரசோட கடமைன்னு 2009 கல்வி உரிமைச் சட்டம் 8ஆவது பிரிவுலயே இருக்கு. ஏற்பாடும் ரொம்ப நாளா இருக்கு. மேல எஸ்.சி.இ.ஆர்.டி.ங்கற மாநிலப் பயிற்சி நிறுவனம், நம்ம குமரி மாவட்டத்துக்கு தேரூர் டயட்ங்கற மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம் (தேரூர் கவிமணி பொறந்த ஊரு, அவரும் வாத்தியார் வேலை பாத்தவருதான்), அகஸ்தீஸ்வரத்துல இருந்து மேல்புறம் வரைக்கும் 9 ஒன்றியத்துக்கும் வட்டார வள மையம், அதுக்குக் கீழ பக்கத்துப் பக்கத்து ஸ்கூல் டீச்சர்ங்க கூடுற சி.ஆர்.சி.ங்கற குறுவள மையம். 2022ல சின்னக் கிளாஸ் பிள்ளைங்களுக்கு எழுத்தும் கணக்கும் பழக்குற எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தப்போ கருத்தாளரா, அதாவது மத்த டீச்சர்ங்களுக்குப் பயிற்சி குடுக்குற ஆளா நின்னவங்கள்ல நெறைய பேரு தினம் கிளாஸ் எடுக்குற டீச்சர்ங்கதான். மாநிலத்துல கேட்டவங்க மாவட்டத்துல சொல்லி, மாவட்டத்துல கேட்டவங்க ஒன்றியத்துல சொல்லி, நம்ம காதுக்கு வரும்போது கருப்பட்டிக் காப்பியில அஞ்சாறு தடவ வெந்நி ஊத்துன மாதிரி ஆயிரும். நானும் கருத்தாளரா நின்னவன்தான், வெந்நி ஊத்துனதுல எனக்கும் பங்கு உண்டு.

அந்த டீச்சர் கேட்ட கேள்விக்கு பதில் இங்கதான் இருக்கு. கருத்தாளர் ஹால்ல நின்னு எல்லாருக்கும் பொதுவா சொல்லுவாரு, ஆய்வுக்கு வர்றவரு ரெஜிஸ்டரைப் பாத்து மேல ரிப்போர்ட் போடுவாரு, பி.ஆர்.டி.இ. வந்தது பாடத்துக்கு உதவி பண்ணத்தான், ஆனா பாவம் எமிஸ்ங்கற ஆன்லைன் பதிவுக்கு ஸ்கூல் கணக்கு கேட்டே அவங்க பொழுது போயிருது. மென்டர் ஒரு டீச்சரோட கிளாஸ்ல உக்காந்து, அந்த டீச்சர் கிட்ட மட்டும் பேசுறவரு. அவரு எழுதுன பேப்பர் எச்.எம். டேபிளுக்குக் கூடப் போகக் கூடாதுங்கது என்னோட அபிப்பிராயம், போனா மறுநாள்ல இருந்து அந்தக் கிளாஸ்ல நாடகம்தான் நடக்கும்.

ஒண்ணு சொல்லுதேன். மேற்குப் பக்கம் ஒரு ஸ்கூல்ல நாலாங்கிளாஸ், டீச்சர் சேந்து ரெண்டு வருஷம்தான், தோசையை வெட்டி பின்னம் நடத்துனாங்க, கிளாஸ் அருமையாப் போகுது, பதில் டக்கு டக்குன்னு வருது. நான் கடைசி பெஞ்சுல உக்காந்து பேப்பர்ல பிள்ளைங்க இருக்குற எடத்தை கட்டம் கட்டமா வரைஞ்சு, யாரு பதில் சொல்லுதாவளோ அந்தக் கட்டத்துல ஒரு புள்ளி வச்சுட்டே வந்தேன். முடிஞ்சதும் பேப்பரை அவங்க கையில குடுத்தேன், வேற ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் பாத்துட்டு, "சார், நாலு பிள்ளைங்கதான் திரும்பத் திரும்ப சொல்லியிருக்கு, ஜன்னல் பக்கம் ஒரு புள்ளி கூட இல்ல"ன்னாங்க. அவங்களே கண்டுபிடிச்சது, அதனால அடுத்த வாரமே மாத்திட்டாங்க. இதையே நான் வாயால சொல்லியிருந்தா "நீங்க சொல்லுதது சரிதான் சார்"னு ஒரு டீ வாங்கித் தந்து அனுப்பியிருப்பாங்க.

இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ் இருந்தா இது தானா வந்துரும்னு நெனைக்காங்க பாருங்க, வராது. கிளாஸ்ல நின்னு நின்னு நமக்கு வாய்தான் பழகியிருக்கும், காது பழகியிருக்காது. அதுக்குத்தான் சீனியர்களுக்கே ட்ரெய்னிங் வேணும்ங்கது. கிளாஸுக்கு முன்ன பத்து நிமிஷம் உக்காந்து "இன்னைக்கு எதைப் பாக்கட்டும்"னு கேக்கணும், உள்ள போனா கண்ணால பாத்ததை மட்டும் எழுதணும், நல்லாருக்கு நல்லால்லன்னு எழுதக் கூடாது, வெளிய வந்ததும் மொதல்ல அவங்களைப் பேச விடணும். கடைசியா சொன்னது எனக்கே இன்னும் கஷ்டம்தான்.

பக்கத்து ஊர் ஆளா இருந்தா ரொம்ப நல்லது. புக்குல பலாப்பழம்னு படம் இருக்கும், பிள்ளை "சக்க"ன்னு சொல்லும், அது தப்பான பதிலு இல்லன்னு நம்மூரு வாத்தியாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

உங்க ஸ்கூல்ல ஆரம்பிக்க ஆர்டர் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மாசத்துக்கு ஒரு பீரியட் மாத்தித் தரச் சொல்லி எச்.எம். கிட்ட கேளுங்க, மொதல்ல சீனியர் கிளாஸை ஜூனியர் போய் பாக்கட்டும், அப்புறம்தான் ஜூனியர் கிளாஸை சீனியர் பாக்கணும். ஈராசிரியர் பள்ளியா இருந்தா ஒரு ஆளு நகந்தாலே அந்தக் கிளாஸ் அனாதையாயிரும், அவங்க சி.ஆர்.சி. நாள்ல பக்கத்து ஸ்கூல்காரங்க கூட ஜோடி சேந்துக்கலாம், போன்ல எடுத்த பத்து நிமிஷ வீடியோ போதும், பிள்ளைங்க மொகம் தெரியாம போனை பின்னால வச்சு எடுங்க, பாத்து முடிச்சதும் அழிச்சிருங்க.