வெயிலில் மட்டும் வாழ்ந்த குடும்பங்கள்

1950களில் அமெரிக்கக் குடும்பம் ஒன்று எடுத்த, 8 மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சுருளைப் பார்ப்பவருக்கு, அந்த ஊரோ மனிதர்களோ அறிமுகமில்லாதபோதும், இனம்புரியாத ஓர் ஏக்கம் எழுவதுண்டு. புல்வெளியில் தண்ணீர் பீய்ச்சும் குழாய், அதன் குறுக்கே ஓடும் பிள்ளைகள், முகத்தைக் கையால் மறைத்தபடி விலகும் தாய் என்று அன்றாடக் காட்சிகளே அதில் இருக்கும். அந்தக் காலமே இனிமையானது என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த இனிமையின் பெரும்பங்கு பிலிமின் வேதியியலிலும் கேமராவின் பொறியமைப்பிலும் பிறந்தது என்றே நான் கருதுகிறேன்.

முதலில் ஒளியைப் பார்ப்போம். ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் வீட்டு உபயோகத்துக்கான 16 மில்லிமீட்டர் கேமராவை 1923-லும், செலவு குறைந்த 8 மில்லிமீட்டர் முறையை 1932-லும் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1935-ல் வந்த கோடாக்ரோம் வண்ணப் பிலிம் (அதை உருவாக்கிய லியோபோல்ட் மேன்ஸ், லியோபோல்ட் கொடொவ்ஸ்கி இருவருமே தேர்ந்த இசைக்கலைஞர்கள்) அடுத்த ஆண்டே 8 மில்லிமீட்டருக்கும் கிடைத்தது. அதன் ஒளி உணர்திறன் இன்றைய ஐஎஸ்ஓ அளவுகோலில் ஏறக்குறைய 10 மட்டுமே. பிற்காலத்தில் 25, 40 என்று உயர்ந்தபோதும், அந்தி மங்கலிலும் சமையலறையிலும் படமெடுக்க அது போதவில்லை. வீட்டுக்குள் எடுக்க வேண்டுமானால் கண்ணைக் கூசவைக்கும் பெருவிளக்குகளை ஏற்ற வேண்டும். எனவே குடும்பங்கள் பெரும்பாலும் நல்ல வெயிலில், விடுமுறையில், கடற்கரையிலும் தோட்டத்திலும் பதிவாயின. மழைநாளும் இரவுச் சண்டையும் பிலிமுக்கு எட்டவேயில்லை. அந்தத் தலைமுறை எப்போதும் வெயிலில் சிரித்துக்கொண்டிருந்ததாக நாம் எண்ணுவதற்கு, பிலிமில் ஒளியை உணரும் வெள்ளி உப்புகளின் மந்தமும் ஒரு காரணம்.

அடுத்தது நீளம். 1965-ல் அறிமுகமான சூப்பர் 8 என்ற புதிய 8 மில்லிமீட்டர் வகையின் பெட்டிக்குள் 50 அடி பிலிம் இருந்தது. வினாடிக்கு 18 படங்கள் என்ற வேகத்தில் அது 3 நிமிடம் 20 வினாடியில் தீர்ந்துவிடும். பிலிமுக்கும் அதைக் கழுவுவதற்கும் பணம் செலவானதால், எடுப்பவர் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திவிட்டு விட்டுவிடுவார். ஒரு சிரிப்பு, ஒரு கையசைப்பு, உடனே வேறொரு நாள், வேறொரு சட்டை. நம் நினைவும் முழு நாளைச் சேமிப்பதில்லை, துண்டுகளையே வைத்திருக்கிறது. பழைய படச்சுருள் நினைவைப் போலத் தோன்றுவதற்கு இந்த ஒற்றுமை உதவுகிறது. ஒலி இல்லாததும் அப்படியே: உதடுகள் அசைகின்றன, சொற்களைப் பார்ப்பவர் தம் வீட்டிலிருந்து நிரப்பிக்கொள்கிறார்.

நிறம் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. பழைய படம் என்றால் மங்கிச் சிவந்திருக்கும் என்று கைபேசிச் செயலிகள் நம்மைப் பழக்கிவிட்டன. பல வண்ணப் பிலிம்களில் சியான் (நீலப்பச்சை) சாயம் முதலில் சிதைவதால் படம் சிவப்பேறுவது உண்மைதான். ஆனால் கோடாக்ரோமில் சாயத்தை உண்டாக்கும் இணைப்பிகள் பிலிமுக்குள் இருந்ததில்லை, கழுவும்போதுதான் சேர்க்கப்பட்டன. அதனால் இருட்டில் வைத்திருந்த சுருள்கள் பல பத்தாண்டுகள் கடந்தும் செழுமை குன்றாமல் இருக்கின்றன. மேலும் இது நெகட்டிவ் இல்லாத முறை: கேமராவுக்குள் ஓடிய அதே பிலிம்தான் புரொஜக்டரிலும் ஓடும். அன்று அந்தப் பிள்ளையின் முகத்தில் பட்டுத் திரும்பிய ஒளி நேராகத் தொட்ட பொருள் அது. அதிலுள்ள கீறல்கள், குடும்பம் அதை எத்தனை முறை போட்டுப் பார்த்தது என்பதன் தடயம்.

பார்வைக்கும் இதில் பங்குண்டு. திரைப்பட நடிகர் கேமராவைப் பார்ப்பதில்லை. வீட்டுப் படத்தில் எல்லோரும் அதையே பார்க்கிறார்கள், ஏனெனில் அதன் பின்னால் நின்றவர் அவர்களின் தந்தையோ மனைவியோ. நேராக நோக்கும் கண்களிலிருந்து மனித மூளையால் எளிதில் விலக முடியாது. அவருக்கென்று எழுந்த சிரிப்பை, அவர் நின்ற இடத்தில் அமர்ந்து, இன்று முன்பின் தெரியாத நாம் பெற்றுக்கொள்கிறோம்.

சொந்தக் குடும்பப் படம் என்றால் இன்னொன்றும் நிகழ்கிறது. மூன்று வயதுக்கு முந்தைய நிகழ்ச்சிகள் பெரும்பாலோருக்கு நினைவில் நிற்பதில்லை. ஆயினும் பலமுறை பார்த்த காட்சி மெல்ல மெல்ல நினைவாகவே மாறிவிடக்கூடும். 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், வெப்பக்காற்றுப் பலூனில் சிறுவயதில் பறந்ததாகப் புனையப்பட்ட புகைப்படத்தை 20 பேருக்குக் காட்டியபோது, அவர்களில் பாதிப் பேர் நடக்காத அந்தப் பயணத்தை முழுமையாகவோ ஓரளவோ நினைவுகூர்ந்தனர்.

இவற்றையெல்லாம் ஒரே சுருளில் காண விரும்புபவர் டேவ் தட்சுனோ எடுத்த படத்தைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது யூட்டா மாநிலத்தின் டோபாஸ் முகாமில், ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களுள் ஒருவராக அடைக்கப்பட்டிருந்த அவர், தடையை மீறிக் கொண்டுவரப்பட்ட 8 மில்லிமீட்டர் கேமராவால் அங்குள்ள அன்றாட வாழ்க்கையை வண்ணத்தில் பதிவு செய்தார். அந்தப் படம் 1996-ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. கோடாக்ரோமின் நீலவானத்தின் கீழே பனியில் விளையாடும் பிள்ளைகளை முதன்முறை பார்ப்பவருக்கு, அது ஒரு சிறைமுகாம் என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.