பெயர்தான் மாறியது, உங்கள் திறமை அல்ல

போன வாரமும் ஒருவர். மென்பொருள் எழுத மைக்ரோசாஃப்ட் தரும் டாட் நெட் தளத்தில் 12 வருட அனுபவம். இன்டர்வியூவில் உட்கார்ந்ததுமே, "எனக்கு டாட் நெட் கோர் வரைக்கும்தான் சார் தெரியும், டாட் நெட் 8 தெரியாது" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நினைவு கசிவை (புரோகிராம் எடுத்த மெமரியைத் திருப்பித் தராமல் விடுவதை) எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். அரை மணி நேரம் தெளிவாக விளக்கினார். இவரா தெரியாதவர்?

டாட் நெட் 8 என்பதே கோரின் தொடர்ச்சிதான். கோர் 3.1-க்கு அடுத்து 2020-இல் வந்தது டாட் நெட் 5. பழைய டாட் நெட் ஃபிரேம்வொர்க் 4-ஓடு குழம்பக்கூடாது என்று 4-ஐத் தாண்டினார்கள், 'கோர்' என்ற சொல்லையும் எடுத்தார்கள். வெப் வேலைக்கான ஏஎஸ்பி டாட் நெட் கோர், டேட்டாபேஸ் வேலைக்கான என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் போன்ற சில பெயர்களில் அந்தச் சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, பெயரை மாற்றியது மைக்ரோசாஃப்ட். அதற்காக டாட் நெட்டில் நீங்கள் எழுதிய சி ஷார்ப் மொழி ஒன்றும் மறந்துபோகாது. பெரிய நிறுவன மென்பொருள்களுக்கான ஜாவா தளமான ஜாவா இஇ 2018-இல் ஜகார்த்தா இஇ ஆனதும் அப்படித்தான். டிரேட்மார்க் சிக்கல். பின்னால் ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் பேக்கேஜ் பெயர்கள் மாறியபோது லைப்ரரிகளை மாற்றும் வேலை நிஜமாகவே இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் டிரான்சாக்‌ஷன் (ஒன்றாகவே நடந்து முடிய வேண்டிய டேட்டாபேஸ் மாற்றங்கள்) எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று தெரிந்தவருக்கு அந்தத் தெளிவு எங்கேயும் போகவில்லை.

தலைகீழாகவும் நடக்கும், அதுதான் ஆபத்து. வெப் ஆப் கட்ட உதவும் ஆங்குலர் ஜேஎஸ்ஸும் 2016-இல் வந்த ஆங்குலர் 2-உம் பெயரில் உறவு. உள்ளே அடியோடு திருப்பி எழுதப்பட்டது. பழையதை மட்டும் தொட்டுவிட்டு "ஆங்குலர் தெரியும்" என்று ரெஸ்யூமேயில் போடாதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்? புதுப் பெயரைக் கேட்டுப் பயப்படுவதற்கு முன் மைக்ரேஷன் கையேட்டை (பழையதிலிருந்து புதியதுக்கு மாறும் வழிகாட்டியை) ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள். எது உடைகிறது என்பது அதிலேயே இருக்கும். ரெஸ்யூமேயில் லோகோக்களை அடுக்காமல், எந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள் என்று எழுதுங்கள். தெரிந்ததைத் தெரியாது என்று நீங்களே சொல்லிக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து.

ஆள் எடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "டாட் நெட் 8-இல் குறைந்தது 5 வருடம்" என்று விளம்பரம் போடாதீர்கள். அது வெளிவந்ததே 2023 நவம்பரில். 2028 நவம்பருக்கு முன் அந்த 5 வருடம் யாரிடமும் இருக்க முடியாது. அதைப் படித்துவிட்டு விண்ணப்பிக்காமலே ஒதுங்கிப் போகிறவர்கள் நல்ல புரோகிராமர்கள்.