கணிப்பொறி: சொல் விளக்கம்

கணிப்பொறி: பெயர்ச்சொல். கணி + பொறி. கணக்குப் போடும் எந்திரம் என்பது பொருள். ஒரு காலத்தில் கம்ப்யூட்டருக்குத் தமிழில் பரவலாக வழங்கிய பெயர் இது. பிறகு கணினி வந்தது. மூன்றே எழுத்து, வாயில் இடறாது, தட்டச்சு செய்யவும் சுலபம். கணிப்பொறி மெல்ல ஒதுங்கிக்கொண்டது. இலங்கையில் கணனி என்று எழுதுவோர் உண்டு. அங்கும் பொறி உதிர்ந்துவிட்டது.

ஒதுங்கிய இந்தச் சொல்லுக்கு மறுபடி வேலை கொடுக்கலாம் என்பது என் கட்சி. இதற்கென்றே செய்து வைத்தாற்போல ஒரு பொருள் ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது: பச்சை பூத்த வெண்கலத் துண்டுகள் 82. வானத்தின் ஓட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டிய ஒரு பழைய கிரேக்கக் கருவியின் மிச்சம். ஆங்கிலத்தில் ஆன்டிகிதெரா மெக்கானிசம் என்பார்கள். தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘ஆன்டிகிதெரா பொறிமுறை’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். ஒரு படத்துக்குக் குறிப்பு எழுதும்போது நானும் அப்படித்தான் எழுதினேன். பிழை திருத்தும் பெரியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “முறையா இருக்கு கண்ணாடிக்குள்ள? பொறியா?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

பொருள் கிடைத்த கதையை முதலில் சொல்லிவிடலாம். கிரீட் தீவுக்கும் கிரேக்கத்தின் தென்முனைக்கும் நடுவில் கிதெரா என்றொரு தீவு. அதற்கு எதிரே கிடக்கும் சின்னத் தீவு ஆன்டிகிதெரா. ‘கிதெராவுக்கு எதிர்’ என்பதே பெயரின் பொருள். 1900இல் சிமி தீவைச் சேர்ந்த, கடற்பஞ்சு எடுக்க மூழ்குபவர்கள் அங்கே வந்தார்கள். முதலில் இறங்கிய எலியாஸ் ஸ்டடியாடிஸ் அலறியடித்து மேலே வந்து, அடியில் பிணங்கள் குவிந்து கிடப்பதாகச் சொன்னாராம். பிணங்கள் இல்லை, சிலைகள். கி.மு. முதல் நூற்றாண்டில் மூழ்கிய சரக்குக் கப்பல் அது. சிலைகளை எல்லாரும் கொண்டாடினார்கள். கூடவே வந்த வெண்கலக் கட்டியை யாரும் கண்டுகொள்ளவில்லை. 1902 மே மாதம் தொல்லியலாளர் வலேரியோஸ் ஸ்டைஸ் அதில் பல் பல்லாக வெட்டிய ஒரு சக்கரத்தைக் கவனித்தார். இன்றைக்கு எண்ணிக்கை 30 பற்சக்கரங்கள். அதில் 27 ஒரே துண்டில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இனி, பெயருக்கு வருவோம்.

மெக்கானிசம், மெக்கானிக், மெஷின் மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தாய், கிரேக்கத்தின் மேக்கானே. அதன் டோரிய வழக்கு மாக்கானா; அது லத்தீனில் மாக்கினா ஆகி, பிரெஞ்சு வழியாக மெஷின் ஆயிற்று. மேக்கானே என்றால் முதலில் இரும்பும் வெண்கலமும் இல்லை. உபாயம், தந்திரம், காரியத்தைச் சாதிக்கும் வழி. ஹோமர் தன் நாயகன் ஒடிசியஸை ‘பொலிமேக்கானோஸ்’ என்று அழைக்கிறார். எந்தச் சிக்கலுக்கும் ஓர் உபாயம் வைத்திருப்பவன் என்று பொருள். நாடக அரங்கில் கடவுளை வானத்திலிருந்து இறக்கும் பளுதூக்கிக்கும் மேக்கானே என்றே பெயர். தந்திரம் கருவியாகிவிட்டது.

தமிழில் இதே பாதையில் நடந்த சொல் பொறி. எலிப்பொறியில் தந்திரமும் கருவியும் ஒன்றாகவே இருக்கின்றன; மசால்வடை தந்திரம், பலகையும் கம்பியும் கருவி. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரைக் கோட்டையின் போர்க்கருவிகளை அடுக்கும்போது ‘வளைவிற் பொறி’யில்தான் தொடங்குகிறது: தானே வளைந்து அம்பு எய்யும் வில். சீவக சிந்தாமணியில் சீவகனின் தாய் விசயை தப்பிப் போவது மயிற்பொறியில், மயில் வடிவில் பறக்கும் பொறி. அது கற்பனை என்றாலும், மனிதன் செய்து இயக்கும் ஒன்றைப் பொறி என்று சொல்வது அந்தக் காலத்துக் காதுக்குப் பழகியிருந்தது என்பதற்கு அது சாட்சி. பொறி என்ற சொல்லுக்கு வேறு முகங்களும் உண்டு. ஐம்பொறி, தீப்பொறி, மூளையில் பொறி தட்டுவது எல்லாம் இருக்கின்றன. பொறித்தல் என்றால் எழுத்தை வெட்டுவது. ஆன்டிகிதெராப் பொருளின் தகடுகளில் 3000க்கும் மேற்பட்ட கிரேக்க எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பொறியின் மேலேயே அதன் கையேடு. மொழி கொடுக்கும் இந்த மாதிரி இனாமை வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

‘எந்திரம்’ ஆகாதா? ஆகும். வடமொழி யந்திரத்தின் தமிழ் வடிவம். அதுவும் நேற்று வந்ததில்லை. ஐங்குறுநூறு 55ஆம் பாட்டில் ‘கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்’ என்று வருகிறது. கரும்பு ஆட்டும் எந்திரம் யானைக்கு எதிர்க்குரல் கொடுக்கிறதாம். தெருமுனைக் கரும்பு ஜூஸ் வண்டியில் சலங்கை கட்டியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரிதான் ஞாபகம் வரும்.

அந்த வண்டியருகே கொஞ்சம் நிற்போம், பற்சக்கரம் என்றால் என்ன என்று அங்கேயே பார்த்துவிடலாம். உருளைகளுக்குப் பக்கவாட்டில், கிரீஸ் அப்பிய இரண்டு சக்கரங்கள் ஒன்றின் பல்லில் ஒன்று பல்லை வைத்து ஓடும். சின்னது பல சுற்று சுற்றினால் பெரியது ஒரு சுற்று. 12 பல்லும் 48 பல்லும் என்றால், நாலுக்கு ஒன்று. ஜூஸ்காரருக்கு இதில் வேண்டியது பலம். வேகம் குறையக் குறையக் கரும்பைக் கடிக்கும் அழுத்தம் கூடும். இதே சக்கரங்களில் பலத்தை மறந்துவிட்டு, எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அது வகுத்தல். நாலால் வகுத்துக் காட்டுகிறது. பலத்துக்குப் பயன்பட்டதைக் கணக்குக்குத் திருப்பிய அந்த மூளைதான் ஆன்டிகிதெராவில் வேலை செய்திருக்கிறது.

கியர் என்று நாம் சொல்வது, ஆங்கிலத்திலேயே பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்த, வெறும் ‘தளவாடம்’ என்ற பொருளுடைய சொல். பல்லைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. கிரேக்கர்கள் பல்லைச் சொன்னார்கள்: அலெக்சாண்டிரியாவின் ஹீரோன் ‘பல் வைத்த தும்பனோன்’ என்று எழுதுகிறார், தும்பனோன் என்றால் முழவு. தமிழில் பற்சக்கரம், பாடநூலில் பல்லிணை, இலங்கையில் பற்சில்லு. பல்லிணை சக்கரங்கள் இணைவதையும் சொல்கிறது என்றாலும், தனிச் சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பல்லிணை என்று சொல்ல நாக்கு வரவில்லை. சைக்கிள் கடையில் சொல்கிற பல்சக்கரமே எனக்குப் போதும்.

இப்போது அந்த வெண்கலத்தின் உள்ளே.

செருப்புப் பெட்டி அளவில் ஒரு மரப்பெட்டி, பக்கத்தில் கைப்பிடி. சுற்றினால் முன்பக்க முட்கள் ராசி வட்டத்தில் சூரியனும் சந்திரனும் நிற்கும் இடத்தைக் காட்டும். பின்பக்கச் சுருள் வட்டங்கள் மாதத்தையும் கிரகணத்தையும் காட்டும். கையால் சுற்றும் பஞ்சாங்கம் என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய சக்கரத்தின் ஒரு சுற்று ஓர் ஆண்டு. சந்திர முள்ளுக்குப் போகும் வழியில், 64 பல் சக்கரம் 38 பல் சக்கரத்தை ஓட்டுகிறது. 38இன் அச்சிலேயே உட்கார்ந்திருக்கும் 48 பல், 24 பல்லை ஓட்டுகிறது. அதன் அச்சில் உள்ள 127 பல், 32 பல்லை ஓட்டுகிறது. பெருக்கிப் பாருங்கள்: 64/38, 48/24, 127/32. அடித்துச் சுருக்கினால் மிஞ்சுவது 254/19. பத்தொன்பது ஆண்டில் சந்திரன் விண்மீன்களுக்கு நடுவே 254 முறை வானத்தைச் சுற்றிவருகிறது. அந்த வானியல் உண்மை அப்படியே பல்லாக வெட்டப்பட்டிருக்கிறது. 127 பகா எண். வட்டத்தைப் பாதி, கால், அரைக்கால் என்று பிரித்துக்கொண்டே போனால் அது கிடைக்காது. வேண்டுமென்றே, அந்த 254இன் பாதிக்காக, யாரோ ஒருவர் வெண்கலத் தகட்டில் 127 முக்கோணப் பற்களை அரத்தால் ராவியிருக்கிறார். அரம் பிடித்தவர்களுக்குத் தெரியும், 126இல் முடிந்துபோனால் எப்படி இருக்கும் என்று.

இன்னொரு சக்கரத்துக்கு 223 பற்கள். அதுவும் பகா எண். கிரகணங்கள் ஏறக்குறைய அதே வரிசையில் திரும்ப வருவதற்கு ஆகும் சந்திர மாதங்கள் 223. பின்பக்கச் சுருளிலும் 223 கட்டங்கள். கிரகணம் விழும் கட்டத்தில் சந்திரனுக்கு செலேனேயின் முதலெழுத்து, சூரியனுக்கு ஹீலியோஸின் முதலெழுத்து. இவற்றில் பலவும் 2005இல் எட்டு டன் எக்ஸ்-ரே எந்திரம் ஒன்றை அருங்காட்சியகத்துக்கே கொண்டுபோய்ப் படம் எடுத்த பிறகுதான் தெளிவாயின.

இப்படிப்பட்ட கருவியை அனலாக் என்கிறோம். அந்தச் சொல்லும் கிரேக்கம்தான்: அனலோகியா, விகிதப் பொருத்தம். வானத்தில் உள்ள விகிதத்துக்குப் பொருத்தமான விகிதம் பல்லில்.

சரி, பொறியைப் பார்த்தாயிற்று, கணி? இங்கேதான் கணிப்பொறி கணினியை முந்துகிறது. பழந்தமிழில் கணி என்பவர் வெறும் கூட்டல் கழித்தல்காரர் இல்லை. வானத்தையும் நாளையும் கணித்துச் சொல்பவர். சிலப்பதிகாரத்தில் அரசனுக்குப் பக்கத்தில் ஆசானும் பெருங்கணியும் இருப்பார்கள். கணியன் பூங்குன்றனாரின் பெயரிலும் இருப்பது அந்தத் தொழில்தான் என்பார்கள். கணியின் வேலையைச் செய்யும் பொறி கணிப்பொறி. மேசை மேல் இருக்கும் கம்ப்யூட்டரைவிட இந்தக் கிரேக்கப் பெட்டிக்கு இது நெருக்கமான பெயர்.

வேடிக்கை என்னவென்றால் கம்ப்யூட்டர் என்பதும் முதலில் ஆளின் பெயர்தான். லத்தீன் கம்ப்யூதாரே, எண்ணிப் பார்ப்பது. ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டிலிருந்து கம்ப்யூட்டர் என்றால் கணக்குப் போடும் மனிதர். வானியல் அட்டவணைகளுக்காக நாள் முழுதும் தாளில் எண் எழுதுகிறவர். எந்திரத்துக்கு அந்தப் பெயர் போனது வெகு காலம் கழித்து. 1959இல் வரலாற்றாய்வாளர் டெரெக் டி சொல்லா பிரைஸ், ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ இதழில் இந்தப் பொருளைப் பற்றி எழுதியபோது தலைப்பிலேயே ‘பண்டைய கிரேக்கக் கம்ப்யூட்டர்’ என்று போட்டார். அதிலிருந்து பிடித்தது ‘உலகின் முதல் கணினி’ என்ற தலைப்பு. இதில் எனக்கு உடன்பாடில்லை. இதற்கு நிரல் கொடுக்க முடியாது, நினைவகம் கிடையாது, சந்திரனைக் கேட்டால் சந்திரனைச் சொல்லும், சம்பளக் கணக்கைக் கேட்டால் சொல்லாது. கணினி என்று எழுதினால் வாசகர் மனதில் வேறொன்று வந்து உட்காரும்.

கணிப்பொறி என்ற தலைப்பின் கீழ் இதன் உறவினர்களையும் சேர்க்கலாம். ரோம எழுத்தாளர் சிசெரோ எழுதியிருக்கிறார்: கி.மு. 212இல் சிரக்கூஸ் வீழ்ந்தபோது, ஆர்க்கிமிடீஸ் செய்த, கோள்களின் ஓட்டத்தைக் காட்டும் வெண்கலக் கோளத்தைத் தளபதி மார்செல்லஸ் ரோமுக்கு எடுத்துப்போனார் என்று. அது கிடைக்கவில்லை. பல நூற்றாண்டு கழித்து 1642இல் பாஸ்கலின் கூட்டல் எந்திரம், பிறகு ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜின் வித்தியாசப் பொறி, அதாவது டிஃபரன்ஸ் எஞ்சின். பாபேஜ் காலத்தில் முடிக்க முடியாத அவருடைய இரண்டாம் வடிவமைப்பை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991இல் செய்து ஓட்டிக் காட்டியது. அதன் கணக்கிடும் பகுதி மட்டும் 4000 பாகங்கள், 2.6 டன். தன் அடுத்த பொறியில் கணக்கு நடக்கும் இடத்துக்கு பாபேஜ் வைத்த பெயர் மில், எண்களை வைக்கும் இடத்துக்கு ஸ்டோர். துணி மில்லிலிருந்து எடுத்த பெயர்கள். தமிழில் ஆலை, கிடங்கு. நம் ஆலை, கரும்பு பிழிந்த ஆலை.

பொறிமுறைக்கு ஒரு வார்த்தை. அது தப்பான சொல் இல்லை, இடம் மாறிய சொல். இலங்கைப் பத்திரிகைகளில் ‘பொறுப்புக்கூறல் பொறிமுறை’ என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஓர் ஏற்பாடு இயங்கும் வழியைச் சொல்வதால் முறை பொருந்துகிறது. ஆன்டிகிதெரா விஷயத்தில் பெட்டி முழுவதும் கணிப்பொறி. பெட்டிக்குள் ஒரு பகுதி இயங்கும் விதத்தைச் சொல்லும்போது பொறிமுறை என்று எழுதலாம்.

அப்படி எழுத வேண்டிய இடம் ஒன்று உண்டு. சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்குக் கிட்டே வரும்போது விரைவு, விலகும்போது மந்தம். இதை வெண்கலத்தில் காட்ட, ஐம்பது ஐம்பது பல் உள்ள இரண்டு சக்கரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, அச்சுகளை ஏறக்குறைய 1.1 மில்லிமீட்டர் விலக்கியிருக்கிறார்கள். கீழ்ச்சக்கரத்தில் ஒரு முளை, மேல்சக்கரத்தில் அது நுழையும் நீள்துளையாக ஒரு காடி. கீழ்ச்சக்கரம் சீராகச் சுற்றும். முளை காடிக்குள் முன்னும் பின்னும் வழுக்கும். மேல்சக்கரம் ஒரு பக்கம் விரைந்து, மறுபக்கம் தயங்கும். ஆங்கிலத்தில் இதற்கு வைத்திருக்கும் ‘பின் அண்ட் ஸ்லாட் மெக்கானிசம்’ என்ற பெயரைத் தமிழாக்க அகராதி புரட்டத் தேவையில்லை. முளை, காடி இரண்டும் தச்சுப்பட்டறைச் சொற்கள். முளைக்காடிப் பொறிமுறை.