பெங்களூருவில் முழுநாள் குழந்தைக் காப்பகம்: எதைக் கேட்கலாம், யாரிடம் கேட்கலாம்

பெங்களூருவின் பொம்மனஹள்ளியிலும் பீன்யாவிலும் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் தமிழ்ப் பெண்களிடம் குழந்தை எங்கே என்று கேட்டால், "ஊர்ல ஆயாகிட்ட விட்டிருக்கேன்" என்ற பதிலைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். திருப்பத்தூர், தருமபுரி பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. பால்குடி மறக்காத குழந்தையை ஊரில் விட்டுவிட்டு, சம்பளம் வந்த வாரம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவரும் இந்தத் தாய்மார்களில் பலருக்கு, வேலை செய்யும் இடத்திலோ அதன் அருகிலோ குழந்தையை வைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் சட்டம் முதலாளியின் மேல் சுமத்தியிருக்கிறது என்பது தெரியாது. தெரிந்தவர்களிலும் பெரும்பாலோர் அது நிரந்தர ஊழியர்களுக்கோ பெரிய ஐடி நிறுவனங்களுக்கோ மட்டும் உரியது என்று நினைத்துக் கேட்காமலேயே இருந்துவிடுகிறார்கள்.

பேறுகாலப் பயன் சட்டம் 1961ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 2017இல் அதில் செய்யப்பட்ட திருத்தம், பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியதோடு, 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள ஒவ்வொரு நிறுவனமும் குழந்தைக் காப்பக வசதி செய்து தரவேண்டும் என்ற புதிய பிரிவையும் சேர்த்தது. அந்தப் பிரிவு 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றுசேர்த்து இயற்றிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பிறகு, அதே கடமை சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 67ஆம் பிரிவில் இடம்பெற்றிருக்கிறது. பழைய சட்டம் போய்விட்டதால் உரிமையும் போய்விட்டது என்று யாராவது சொன்னால் அதை நம்பவேண்டாம். பிரிவின் எண்தான் மாறியிருக்கிறது.

இதில் தவறாமல் புரிந்துகொள்ள வேண்டியது அந்த 50 என்ற எண்ணை எப்படி எண்ணுவது என்பதுதான். "எங்களிடம் 50 பெண்கள் இல்லையே" என்று சொல்லி அனுப்பிவிடுவது வழக்கமாக இருக்கிறது. இந்தப் பிரிவு பெண்களை மட்டும் எண்ணச் சொல்லவில்லை. ஆண், பெண் இருபாலரையும் சேர்த்து மொத்த ஊழியர்களையே எண்ணச் சொல்கிறது. இந்தக் குழப்பம் பழைய தொழிற்சாலைச் சட்டத்திலிருந்து வந்திருக்கலாம். 1948ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 30க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் இருந்தால்தான் காப்பகம் கட்டாயம் என்று இருந்தது. இப்போது அதற்குப் பதிலாக வந்துள்ள பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, 50க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடம் என்கிறது. ஊழியர்களின் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு என்று பொதுவாகச் சொல்கிறது. ஆகவே தாய் வேலை செய்யும் இடம் சிறியதாக இருந்து, தந்தையின் இடத்தில் 50 பேருக்கு மேல் இருந்தால், அங்கே தந்தையே கேட்கலாம். நம் வீடுகளில் இந்த வாய்ப்பை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஏஜென்சி வழியாக வேலைக்கு வந்தவர்களுக்கும் இது பொருந்தும். மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018இல் காப்பகங்களுக்கான குறைந்தபட்ச வழிகாட்டு நெறிகளை வெளியிட்டபோது, தற்காலிக ஊழியர், தினக்கூலி, ஒப்பந்த ஊழியர் ஆகிய எல்லோருடைய குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று சொன்னது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான நலவசதிகளை முதன்மை முதலாளியே, அதாவது நீங்கள் உண்மையில் வேலை செய்யும் நிறுவனமே, செய்து தரவேண்டும் என்று மேலே சொன்ன பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பும் கூறுகிறது. "உங்கள் ஏஜென்சியிடம் கேளுங்கள்" என்பது இனி ஏற்கத்தக்க பதிலாகாது.

இனி வயதுக் கணக்கைப் பார்க்கலாம். பலர் தடுமாறும் இடம் இது. வழிகாட்டு நெறிகள் காப்பகத்தை ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு என்று வைத்திருக்கின்றன. 26 வாரம் என்பதும் ஏறத்தாழ ஆறு மாதம்தான் என்பதால், விடுப்பு முடியும் நாளில் காப்பகக் கதவு திறந்துவிடும் என்று தோன்றும். ஆனால் 26 வாரத்தில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம் என்பதால், அப்படி எடுத்தவர் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு 18 வாரம், அதாவது நான்கு மாதத்துக்குச் சற்று அதிகம், ஆகியிருக்கும். உயிரோடு இரண்டு குழந்தைகள் ஏற்கெனவே இருந்து மூன்றாவது குழந்தை பெறுபவருக்கு 12 வார விடுப்புத்தான் என்பதால், அவருடைய குழந்தை மூன்று மாதம்கூட நிறையாததாக இருக்கலாம். இடையிலுள்ள இந்த வாரங்களில்தான் பலர் வேலையை விடுகிறார்கள், அல்லது குழந்தையை ஊருக்கு அனுப்புகிறார்கள். உடல்நிலை இடம்கொடுத்து, மருத்துவரும் சம்மதித்தால், பிரசவத்துக்கு முந்தைய விடுப்பைக் குறைத்து, பிந்தையதை நீட்டிக்கொள்வது ஒரு வழி. இன்னொன்று, ஆறு மாதம் என்பது வழிகாட்டு நெறியில் உள்ள எண்ணே தவிர 67ஆம் பிரிவில் அப்படியொரு கீழ்வரம்பு இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி, நான்கு மாதக் குழந்தையைச் சேர்க்கும்படி கேட்பது. வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலையாக இருந்தால், விடுப்புக்குப் பிறகு சில காலம் அப்படிச் செய்வதற்கு இருதரப்பும் ஒப்புக்கொள்ளலாம் என்றும் சட்டம் சொல்கிறது.

இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குப் பேறுகாலப் பணம் இ.எஸ்.ஐ.யிலிருந்து வரும், ஆனால் காப்பகத்தை இ.எஸ்.ஐ. தராது, அது முதலாளியின் கடமை.

காப்பகம் எவ்வளவு தொலைவில் இருக்கலாம் என்பது காகிதத்தில் சிறிய விஷயமாகத் தெரியும். பீன்யாவில் ஒரு தையல் ஆலையின் காப்பகத்துக்குள் ஒருமுறை போயிருந்தேன். கூரைக் குழாயில் கட்டிய நான்கு தூளிகள், பெயர் எழுதிய பிளாஸ்திரி ஒட்டிய பால் டம்ளர்கள், சுவரோரம் செருப்புகள். தேநீர் மணி அடித்ததும் தாய்மார்கள் ஓடிவந்தார்கள். ஒரு குழந்தை பால் குடித்துக்கொண்டே அம்மாவின் தோளில் ஒட்டியிருந்த நூல்பிசிறைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அது இழுத்து முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார், ஏனென்றால் இடைவேளை முடிந்திருந்தது. அந்தக் காப்பகம் தையல் கூடத்துக்கு அடுத்த அறையில் இருந்ததால்தான் அந்தச் சில நிமிடமாவது கிடைத்தது. வழிகாட்டு நெறிகள் 500 மீட்டருக்குள் இருக்கலாம் என்கின்றன. போகவர நடக்கும் நேரத்தைக் கழித்தால் பால் கொடுக்க என்ன மிஞ்சும் என்று ஒவ்வொரு தாயும் கணக்குப் பார்க்கவேண்டும். நாளொன்றுக்கு நான்கு முறை காப்பகத்துக்குப் போய்வர முதலாளி அனுமதிக்கவேண்டும் என்பது சட்டம். வழக்கமான ஓய்வு இடைவேளையும் அந்த நான்கில் அடங்கும். குழந்தைக்குப் 15 மாதம் நிறையும்வரை பாலூட்டுவதற்கு இரண்டு இடைவேளைகள் தனியே உண்டு. இவற்றுக்குச் சம்பளம் பிடிப்பதோ, லைனில் பீஸ் குறைந்தது என்று திட்டுவதோ நியாயமில்லை.

நிறுவனம் சொந்தமாகக் காப்பகம் கட்டவேண்டும் என்ற கட்டாயமில்லை. அரசு, மாநகராட்சி, தனியார் அல்லது தொண்டு நிறுவனம் நடத்தும் காப்பகத்தைப் பயன்படுத்தலாம். பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுக் காப்பகம் அமைக்கலாம். எலெக்ட்ரானிக் சிட்டி போன்ற இடங்களில் அக்கம்பக்க நிறுவனங்கள் மனம் வைத்தால் இது எளிதில் நடக்கக்கூடியது. கட்டணத்தை யார் ஏற்பது என்று அந்தப் பிரிவில் வெளிப்படையான வரி இல்லை என்பதால், தனியார் டே கேருடன் ஒப்பந்தம் போட்டிருப்பதாக நிறுவனம் சொன்னால், பணம் முழுவதையும் நிறுவனம் கட்டுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேட்பதையும் எழுத்தில்தான் கேட்கவேண்டும். சூப்பர்வைசரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது எங்கும் பதிவாகாது. ஊழியர் எண், வேலையில் சேர்ந்த தேதி, குழந்தையின் பிறந்த தேதி, ஷிப்ட் நேரம், எந்தத் தேதி முதல் காப்பகம் தேவை என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, 67ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, ஹெச்.ஆரிடம் கொடுத்து, இன்னொரு படியில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் விடுப்பில் போகும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு அலைவது கடினம். ஒருவராகக் கொடுப்பதைவிட, அதே நிலையிலுள்ள நான்கைந்து பேர் சேர்ந்து கொடுத்தால் யார் மீதும் தனியாகக் கோபம் திரும்பாது. பதில் வராவிட்டால் மாநிலத் தொழிலாளர் துறையிடம் முறையிடலாம். கன்னடத்தில் அதைக் 'கார்மிக இலாகே' என்பார்கள். அதன் தலைமையிடம் பன்னேர்கட்டா சாலையிலுள்ள கார்மிக பவனம். மனுவைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிக்கொடுங்கள். தமிழில் எழுதினால் அது மேசையிலேயே தங்கிவிடும்.

இதுவரை சொன்ன எதுவும் வீட்டுவேலை செய்பவர்களுக்கும், ஐந்தாறு பேர் வேலை செய்யும் கடைகளில் இருப்பவர்களுக்கும் உதவாது. அல்சூரிலும் ஈஜிபுராவிலும் ஸ்ரீராமபுரத்திலும் வாழும் நம் பெண்களில் எத்தனையோ பேர் இந்த வகையினர். இவர்கள் அங்கன்வாடியை நம்பினால், அங்கே மூன்று வயது முதல்தான் குழந்தையை முன்பள்ளிக்கு உட்காரவைத்துக்கொள்கிறார்கள். அதற்குக் கீழே உள்ள குழந்தைக்கு வீட்டுக்கு எடுத்துச்செல்லும் சத்துணவு மட்டுமே கிடைக்கும். இந்தக் குறையை நிரப்புவதற்காக ஏற்பட்டதுதான் 'பால்னா' திட்டம். முன்பு தேசியக் காப்பகத் திட்டம் என்ற பெயரில் இருந்ததை, 2022 ஏப்ரல் முதல் மிஷன் சக்தி என்ற மத்தியத் திட்டத்துக்குள் சேர்த்துப் பால்னா என்று பெயரிட்டார்கள். அங்கன்வாடியிலேயே தனிப் பணியாளரையும் உதவியாளரையும் அமர்த்தி, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை நாள் முழுவதும் பார்த்துக்கொள்வது இதன் நோக்கம். தூங்கும் வசதி, உணவு, எடை பார்த்தல், தடுப்பூசி எல்லாம் இதில் அடங்கும். தாய் வேலைக்குப் போகிறாரா, எங்கே போகிறார் என்பது நிபந்தனையல்ல. கர்நாடகத்தில் கிராமப் பஞ்சாயத்துகள் நடத்தும் 'கூசின மனே' காப்பகங்களைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அவை கிராமங்களுக்கு உரியவை, நகரத்துக்குள் தேடவேண்டாம்.

உங்கள் தெரு அங்கன்வாடியில் பால்னா காப்பகம் இருக்கிறதா என்று அங்குள்ள பணியாளரிடமே கேட்கலாம். 'சிசுபாலனா கேந்திரா' என்று கேட்டால் உடனே புரியும். பக்கத்தில் எங்கே இருக்கிறது என்பதை அந்தப் பகுதியின் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், அதாவது சி.டி.பி.ஓ., சொல்வார். ரேஷன் அட்டை தமிழ்நாட்டில் இருப்பது தடையல்ல. அங்கன்வாடிக்கு வருமான வரம்பும் கிடையாது. குழந்தையின் பிறப்புச் சான்று, ஆதார், தடுப்பூசி விவரம் உள்ள தாயி கார்டு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். பிரசவம் தமிழ்நாட்டில் நடந்திருந்தால் அங்கே கொடுத்த தடுப்பூசி அட்டையைக் காட்டலாம்.

சேர்ப்பதற்கு முன் நேரத்தைக் கேட்க மறக்கவேண்டாம். பால்னா காப்பகம் மாதத்தில் 26 நாள், நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் திறந்திருக்கவேண்டும் என்பது விதி. காலை 7 மணிக்கு அபார்ட்மெண்டில் முதல் வீட்டு வாசலில் நிற்கவேண்டிய பெண்ணுக்கு 9.30 மணிக்குத் திறக்கும் காப்பகத்தால் பயனில்லை. ஆனால் அதே விதிகள், திறக்கும் நேரத்தை அந்தப் பகுதித் தாய்மார்களின் வேலைநேரத்துக்கு ஏற்ப வைத்துக்கொள்ளவும் இடம்கொடுக்கின்றன. ஆகவே ஒரே தெருவில் இருக்கும் தாய்மார்கள் சேர்ந்து, ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவர் வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதி, கையெழுத்திட்டு, சி.டி.பி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கிக்கொள்ளவேண்டும்.